தெள்ளுப்பூச்சியிடம் பாடம் கற்ற மிரியம்



இந்த வாரப் பாடத்தை என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் ஓர் எருக்கஞ்செடி நிற்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்ட, அக்கம்பக்கத்து வீட்டார் வந்து பூப் பறித்துக்கொண்டு போவார்கள். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை பார்த்தால் செடியில் பாதி இலைகளைக் காணோம். தண்டு முழுவதும் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழுக்கள். மறுநாள் பள்ளியைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. "செடி அசிங்கமாகத் தெரியுமே" என்று தோட்டக்காரரிடம் பூச்சிமருந்து அடிக்கச் சொன்னேன். சொன்னது நான்தான், அறிவியல் ஆசிரியை!

இரண்டு வாரம் கழித்து, படிவம் இரண்டு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: "டீச்சர், சிற்றுண்டிச் சாலைப் பக்கம் பறக்குமே, அந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி, அது ஏன் இப்போது வருவதில்லை?"

நான் கொன்ற புழுக்கள்தாம் அந்தப் பட்டாம்பூச்சிகள் என்று அவளிடம் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. செடியைப் பார்த்தேன், புழுவைப் பார்த்தேன், பட்டாம்பூச்சியையும் பார்த்தேன். மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்படிச் சேர்த்துப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு விலங்கியலாளரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவர் பெயர் மிரியம் ராத்ஸ்சைல்ட். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். 1908-இல் பிறந்து 2005-இல் தம் 96-ஆவது வயதில் மறைந்தவர். உலகம் அருவருக்கும் தெள்ளுப்பூச்சியை ஆய்ந்து பேர் பெற்றவர்.

தெள்ளு வேறு, உண்ணி வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயின் காதில் கொட்டைமுத்துபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது சிலந்தியின் இனம். தெள்ளுக்கு ஆறு கால்கள். அது பூச்சி. சிறகில்லாத, பக்கவாட்டில் தட்டையான, தாவும் பூச்சி.

தெள்ளுகளுக்குப் பெயர் வைத்த அப்பா

மிரியத்தின் தந்தை சார்ல்ஸ் ராத்ஸ்சைல்ட் ஒரு வங்கியாளர். உலகப் புகழ்பெற்ற பணக்காரக் குடும்பம். ஆனால் அவர் மனம் முழுவதும் பூச்சிகளிடத்தில். வங்கி வேலை போக மிஞ்சிய நேரத்தில் தெள்ளுகளைச் சேகரித்து, ஏறக்குறைய 500 புதிய இனங்களை அறிவியல் உலகுக்கு விவரித்தார்.

இது பணக்காரரின் வேடிக்கைப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் பிளேக் நோய் ஆசியத் துறைமுகங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. 1894-இல் ஹாங்காங்கில் அலெக்ஸாந்தர் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898-இல் கராச்சியில் போல்-லூயி சிமோன், எலியிடமிருந்து நோயைக் கடத்துவது தெள்ளுதான் என்று சோதனையில் காட்டினார். அப்படியானால் எந்தத் தெள்ளு? எல்லாத் தெள்ளுகளும் ஒரே அளவுக்கு ஆபத்தானவை அல்லவே! பிளேக்கை முக்கியமாகக் கடத்தும் எலித் தெள்ளுக்கு, சூடானில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 1903-இல் முறையான விவரமும் பெயரும் தந்தவர் சார்ல்ஸ். இன்று 'ஜினாப்சில்லா கியோப்பிஸ்' எனப்படும் அதற்கு எகிப்திய மன்னர் கியோப்ஸின் பெயரைச் சூட்டினார். எதிரியைப் பிடிக்க வேண்டுமானால் அவன் யாரென்று அடையாளம் தெரிய வேண்டும். ஓர் உயிரினத்துக்குச் சரியாகப் பெயர் வைப்பதன் பயன் அதுதான்.

சார்ல்ஸ் செய்த இன்னொரு வேலைதான் நம் பாடத்துக்கு முக்கியம். இங்கிலாந்தில் அப்போது அரிய பறவைகளைச் சுடக்கூடாது என்று சட்டங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பறவை வாழும் சதுப்பு நிலத்தை வடிகட்டி வயலாக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். சார்ல்ஸ் வேறு விதமாகச் சிந்தித்தார். உயிரைக் காக்க வேண்டுமானால் அது வாழும் இடத்தைக் காக்க வேண்டும். 1910-இல் வுட்வால்டன் ஃபென் என்ற சதுப்பு நிலத்தைத் தம் பணத்தில் வாங்கினார். 1912-இல் இயற்கைக் காப்பிடங்களை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றை நண்பர்களுடன் நிறுவினார். நாடு முழுவதும் விசாரித்து, காக்கப்பட வேண்டிய 284 இடங்களின் பட்டியலைத் தயாரித்தார்.

அரசு என்ன செய்தது தெரியுமா? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பட்டியல் ஓரமாகப் போனது. இயற்கைக் காப்பிடங்களுக்கான சட்டம் பிரிட்டனில் வந்தது 1949-இல்தான். அதைப் பார்க்க சார்ல்ஸ் உயிரோடு இல்லை. மிரியத்துக்கு 15 வயதானபோதே, 1923-இல் அவர் இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் போகாத மாணவி

நான்கு வயதிலேயே பொறிவண்டும் புழுவும் சேகரித்த அந்தப் பெண், தந்தை இறந்ததும் விலங்கியலைத் தொடவே மறுத்தார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த தம்பி விக்டர், பள்ளிப் பாடத்துக்காகத் தவளை ஒன்றை அறுத்துப் பார்க்க அக்காளை உதவிக்கு அழைத்தார். தவளையின் உள்ளே இருந்த ஒழுங்கைப் பார்த்ததும் மிரியத்தின் பழைய ஆர்வம் மீண்டும் பற்றிக்கொண்டது.

அவர் 17 வயதுவரை பள்ளிக்கூடமே போனதில்லை. பிறகு மாலை வகுப்புகளில் விலங்கியல் படித்தார். பட்டத் தேர்வு எதுவும் எழுதவில்லை. கடல்வாழ் உயிரியலில் ஈடுபட்டு, பிளிமத் நகரின் ஆய்வுக்கூடத்தில் கடல் நத்தைகளுக்குள் வாழும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களை ஆராய்ந்தார். ஏழு ஆண்டு உழைப்பு. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆய்வுக்கூடத்தின்மீது குண்டு விழுந்தது. குறிப்பேடுகள், மாதிரிகள், எல்லாம் போயின.

ஏழு ஆண்டுகள் என்றால் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் படிவம் ஒன்றில் சேர்ந்த நாளிலிருந்து பல்கலைக்கழக வாசல்வரை எழுதிய ஒவ்வொரு தாளும் ஒரே இரவில் சாம்பலானது போல.

போர்க்காலத்தில் அவர் பிளெட்ச்லி பார்க்கில், எதிரியின் இரகசியச் செய்திகளைப் படித்தறியும் குழுவில் பணியாற்றினார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதக் குழந்தைகளுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். போர் முடிந்தபின், தந்தை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துச் சென்ற தெள்ளுத் தொகுப்பின் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு தெள்ளின் முள், மயிர், உறுப்பின் வளைவு ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்து வகைப்படுத்தும் வேலை அது. ஜி. எச். இ. ஹாப்கின்ஸுடன் சேர்ந்து எழுதிய விவரப் பட்டியலின் முதல் தொகுதி 1953-இலும் ஐந்தாம் தொகுதி 1971-இலும் வெளிவந்தன. பதினெட்டு ஆண்டு இடைவெளியைக் கவனித்தீர்களா?

இடையில் திருமணம், குழந்தைகள், குடும்பம். உயிருள்ள தெள்ளுகளைப் பிள்ளைகள் கலைத்துவிடாமலிருக்க பாலித்தீன் பைகளில் போட்டுத் தம் படுக்கையறையிலேயே வைத்துக்கொண்டாராம்!

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவர் செல்வந்தர் வீட்டுப் பெண். சம்பளத்தை எதிர்பார்க்காமல் ஆராய்ச்சி செய்ய அவரால் முடிந்தது. அந்த வசதி நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் எரிந்துபோன ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் மனத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

முயலின் நாள்காட்டியைப் படிக்கும் தெள்ளு

1953-இல் மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோய் பிரிட்டனுக்கு வந்தது. ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலான முயல்கள் மடிந்தன. அங்கே அந்த நோயைப் பரப்பியது முயலின் காதில் வாழும் தெள்ளு. எனவே அந்தத் தெள்ளைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியமானது.

ஒரு புதிர் எழுந்தது. இந்தத் தெள்ளுகள் முயலின் இரத்தத்தைக் குடித்து நன்றாகவே வாழ்ந்தன. ஆனால் முட்டையிடவில்லை. என்ன குறை?

மீட்-பிரிக்ஸ் என்ற ஆய்வாளரும், தனியாக மிரியமும் அவருடைய உதவியாளரும் 1960-களில் விடை கண்டார்கள். சினையாக இருக்கும் பெண் முயலின் இரத்தத்தைக் குடித்தால்தான் பெண் தெள்ளின் சூலகம் முதிர்கிறது. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 30 நாள். அதன் கடைசிப் பகுதியில் முயலின் இரத்தத்தில் சில ஹார்மோன்களின் அளவு உயர்கிறது. தெள்ளு அந்த ஹார்மோன்களை இரத்தத்தோடு சேர்த்துக் குடிக்கிறது. அதுவே தெள்ளுக்கு 'தயாராகு' என்ற அறிவிப்பு. குட்டிகள் பிறந்ததும் தெள்ளுகள் தாயின் காதை விட்டுக் குட்டிகளின் மேல் இறங்குகின்றன. அங்கே இணைசேர்ந்து, வளைக்குள் இருக்கும் கூட்டில் முட்டையிடுகின்றன. பிறகு தாயிடமே திரும்புகின்றன.

ஏன் இவ்வளவு சிக்கல்? யோசித்துப் பாருங்கள். தெள்ளின் புழு இரத்தம் குடிப்பதில்லை. கூட்டின் குப்பையில் கிடக்கும் காய்ந்த இரத்தத் துகள்களைத் தின்றே வளர்கிறது. எனவே அதற்கு ஒரு கூடு வேண்டும். ஆண் முயலுக்குக் குட்டிகளின் கூடு கிடையாது. சினையில்லாத பெண் முயலுக்கும் கிடையாது. குட்டி பிறக்கும் நேரத்தில் மட்டுமே கூடு உண்டு. அந்த நேரத்தைத் தாய் முயலின் இரத்தத்திலிருந்தே தெரிந்துகொள்ளும் தெள்ளுகளின் சந்ததிதான் பிழைத்தது.

ஒட்டுண்ணியின் இனப்பெருக்கம் விருந்தோம்பியின் ஹார்மோனால் நடத்தப்படுகிறது என்பது அன்று பெரும் வியப்பு. முயலை விட்டுத் தெள்ளைத் தனியாகப் படித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது இயற்பியல் குறிப்பேட்டை எடுங்கள். முயல் தெள்ளு தாவும்போது ஏறக்குறைய 0.00075 வினாடியில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று 1967-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. முடுக்கம் எவ்வளவு?

முடுக்கம் = (இறுதி வேகம் − தொடக்க வேகம்) ÷ நேரம்
= (1 − 0) ÷ 0.00075
= ஏறத்தாழ 1,330 மீ/வி²

புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². எனவே தெள்ளின் முடுக்கம் அதைப்போல் 130 மடங்குக்கும் மேல்!

எந்தத் தசையாலும் இவ்வளவு குறுகிய நேரத்தில் சுருங்கி இத்தனை ஆற்றலைத் தர முடியாது. கவண்கல்லை நினைத்துப் பாருங்கள். இரப்பரை மெதுவாக இழுக்கிறோம். ஆற்றல் அதில் சேர்கிறது. விட்டதும் நொடியில் பாய்கிறது. தெள்ளின் நெஞ்சுப் பகுதியில் ரெசிலின் என்ற இரப்பர் போன்ற புரதம் இருக்கிறது. தசை அதை மெதுவாக அழுத்துகிறது. பூட்டு விடுபட்டதும் ரெசிலின் விரிந்து தெள்ளை எறிகிறது. தட்டாம்பூச்சி, வெட்டுக்கிளி போன்றவற்றின் சிறகு மூட்டிலும் இதே ரெசிலின் உண்டு. சிறகுள்ள மூதாதையரிடமிருந்து வந்த தெள்ளு சிறகைத் தொலைத்துவிட்டது. சிறகு மூட்டின் இரப்பரை மட்டும் காலுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்று மிரியமும் அவர் குழுவினரும் விளக்கினார்கள்.

இதில் ஒரு கருத்து வேறுபாடும் இருந்தது. தெள்ளு தரையை உந்துவது காலின் எந்தப் பகுதியால்? உடலை ஒட்டிய மேல் மூட்டால் என்றார் மிரியம். காலின் கீழ்ப்பகுதியாலும் பாதத்தாலும் என்றார் ஹென்றி பென்னெட்-கிளார்க். நாற்பது ஆண்டுக்கு மேல் முடிவு தெரியவில்லை. 2011-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவால் படமெடுத்துப் பார்த்தார்கள். கீழ்ப்பகுதியும் பாதமும்தான்! இந்தப் புள்ளியில் மிரியம் சொன்னது தவறு.

நான் இதை வேண்டுமென்றே சொல்கிறேன். பெரிய விஞ்ஞானியின் பெயரைச் சொன்னால் அவர் கூறியதெல்லாம் சரி என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. சோதனை சொல்வதே சரி.

எருக்கும் பட்டாம்பூச்சியும்

இப்போது எங்கள் பள்ளி எருக்கஞ்செடிக்கு வருவோம்.

அமெரிக்காவில் மொனார்க் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி உண்டு. அதன் புழு, எருக்கின் உறவான, கிள்ளினால் பால் வடியும் செடிகளையே தின்னும். அந்தப் பாலில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. இந்தப் பட்டாம்பூச்சியைத் தின்ற பறவை வாந்தி எடுத்து, மறுமுறை அதைத் தொடவே அஞ்சும். பட்டாம்பூச்சிக்கு நஞ்சு எங்கிருந்து வந்தது? செடியிலிருந்தே எடுத்துச் சேமிக்கிறதா?

மிரியம் வேதியியலாளர் இல்லை. எனவே அதில் வல்லவரான, 1950-இல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்தின் ததேயுஷ் ரைக்ஸ்டைனுடன் சேர்ந்தார். 1968-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, பட்டாம்பூச்சியின் உடலில் இருப்பது அதன் புழு தின்ற செடியின் இதய நஞ்சேதான் என்று காட்டியது. செடி தன்னைக் காக்கச் செய்த நஞ்சு, பூச்சியின் கவசமாகிவிட்டது! பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், "என்னைத் தின்னாதே" என்று பறவைக்கு வைத்த எச்சரிக்கைப் பலகை.

நம் நாட்டில் எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி மொனார்க்கின் நெருங்கிய உறவு. சிறகோரம் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். மிரியம் அதையும் ஆய்ந்திருக்கிறார். அதன் தாய் எந்தச் செடியிலும் முட்டையிட்டுவிடாது. எருக்கு வகைச் செடியைத் தேடி அலையும். அந்தச் செடி இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. தோட்டம் நிறைய ரோஜாவும் செம்பருத்தியும் வைத்தாலும் பயனில்லை.

வேலி போட்டால் போதுமா?

இடத்தைக் காக்க வேண்டும் என்று சார்ல்ஸ் சொன்னது சரி. ஆனால் சுற்றிலும் வேலி போட்டுவிட்டால் காத்துவிட்டதாக ஆகுமா? முயல்கள் மடிந்த கதையின் அடுத்த பகுதி இதற்குப் பதில் சொல்கிறது.

பிரிட்டனில் பெரிய நீலம் என்ற பட்டாம்பூச்சி இருந்தது. அதன் புழு முதலில் காட்டுத் தைம் செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். எறும்புகள் அதைத் தங்கள் குஞ்சு என்று ஏமாந்து புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும்! இந்தப் பட்டாம்பூச்சி குறைந்துவருவதைக் கண்டு, சேகரிப்பாளர்கள் பிடிக்காமலிருக்க வேலி போட்டுக் காத்தார்கள். அப்படியும் குறைந்தது. 1979-இல் பிரிட்டனில் முற்றாக அழிந்தது.

ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் பல ஆண்டுகள் புல்வெளியிலேயே கிடந்து காரணத்தைக் கண்டார். ஒரே ஒரு வகைச் சிவப்பு எறும்பின் புற்றில்தான் அந்தப் புழு நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். மண் சூடாக, புல் குட்டையாக இருக்க வேண்டும். புல்லை மேய்ந்து குட்டையாக வைத்திருந்தவை முயல்களும் ஆடுமாடுகளும். நோயால் முயல்கள் மடிந்தன. வேலி ஆடுமாடுகளைத் தடுத்தது. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது, பட்டாம்பூச்சியும் போனது. நல்லெண்ணத்தோடு போட்ட வேலியும் அழிவுக்குத் துணைபோனது!

காரணம் தெரிந்தபின், மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1980-களில் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரிய நீலம் இன்று மீண்டும் இங்கிலாந்தில் பறக்கிறது.

ஓர் உயிரைக் காக்க அதன் இடத்தைக் காக்க வேண்டும். இடத்தைக் காக்க, அந்த உயிர் எதையெல்லாம் சார்ந்து வாழ்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிய, யாராவது ஒருவர் பொறுமையாகப் பல ஆண்டுகள் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

உழவர் வெறுத்த விதைகள்

மிரியம் முதுமையில் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூக்கள் நிறைந்த இயற்கைப் புல்வெளிகளில் 97 விழுக்காடு, 1930-களிலிருந்து 1984-க்குள் அழிந்துவிட்டது. உரமும் களைக்கொல்லியும் உழவு இயந்திரமும் சேர்ந்து செய்த வேலை. பூ இல்லையென்றால் தேனீயும் பட்டாம்பூச்சியும் இல்லை.

அவர் தம் ஆஷ்டன் நிலத்தில் காட்டுப் பூக்களின் விதைகளைச் சேகரித்து, வளர்த்து, கலவையாக மற்றவர்களுக்கும் கொடுத்தார். உழவர்கள் களை என்று பிடுங்கி எறியும் செடிகள் அவை. அதனால் அந்த விதைக் கலவைக்கு 'உழவரின் கெட்ட கனவு' என்று குறும்பாகப் பெயர் வைத்தார்! இளவரசராக இருந்த சார்ல்ஸின் ஹைகுரோவ் தோட்டத்துக்கும் அவருடைய விதைகள் போயின.

1997-இல், தம் 89-ஆவது வயதில், பீட்டர் மாரன் என்பவருடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். தந்தையின் பட்டியலில் இருந்த அந்த 284 இடங்கள் இன்று என்ன ஆயின என்று தேடிப் பார்த்த நூல் அது. தந்தை நிறுவிய சங்கமோ இன்று பிரிட்டன் முழுவதும் காப்பிடங்களை நடத்தும் பெரிய அமைப்பாக வளர்ந்து நிற்கிறது.

பட்டத் தேர்வே எழுதாத மிரியத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் கௌரவ முனைவர் பட்டம் வழங்கின. 1985-இல் பிரிட்டனின் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 300-க்கும் மேல்.

"பூச்சியைப் படித்தால் என்ன வேலை, டீச்சர்?"

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி வரும். நம் நாட்டிலிருந்தே ஒரு பதில் சொல்கிறேன்.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் இங்கே காய்ப்பிடிப்புக் குறைவாக இருந்தது. பல தோட்டங்களில் ஆட்களை வைத்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் கையால் தூவினார்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவரே அந்த வேலையைச் செய்திருக்கலாம். செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். சையத் என்ற பூச்சியியலாளர் கெமரூன் நாட்டுக்குப் போய், செம்பனைப் பூக்களையே கவனித்தார். அந்த வேலையைச் செய்வது சிறிய கூன்வண்டு என்று கண்டார். தகுந்த சோதனைகளுக்குப் பிறகு 1981-இல் அந்த வண்டை மலேசியாவில் விட்டார்கள். கையால் தூவும் வேலையே தேவையற்றுப் போனது.

டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவை ஆராய்பவர்கள், கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் காட்டுப் பூச்சிகளைப் படிப்பவர்கள், நெல் வயலில் மருந்தைக் குறைக்க வழி தேடுபவர்கள் எல்லாரும் பூச்சியியலாளர்களே. உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படியுங்கள். கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.

நம் தேசியப் பட்டாம்பூச்சியான ராஜா புருக்கை எண்ணிப் பாருங்கள். அதை விற்பதற்கும் வாங்குவதற்கும் அனைத்துலகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் அதன் புழு தின்பது காட்டில் படரும் ஒரு வகைக் கொடியை மட்டுமே. காடு போனால் கொடி போகும். கொடி போனால், யாரும் பிடிக்காமலேயே அந்தப் பட்டாம்பூச்சியும் போகும். பேராக் மாநிலத்தில் கோப்பெங் அருகே உலு கெரோவில், அந்தக் காட்டையே வீடாகக் கொண்ட செமாய் பூர்வகுடி மக்கள் வழிகாட்ட, அதை இன்றும் நேரில் பார்க்கலாம்.

எங்கள் எருக்கஞ்செடி பிழைத்துக்கொண்டது. சில மாதங்களில் புதுத் துளிர் விட்டது. பட்டாம்பூச்சி எங்கிருந்தோ தேடி வந்து முட்டையிட்டது. இப்போது அந்தச் செடிக்கு ஒரு குறிப்பேடு உண்டு. அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவள் என்னைக் கேள்வி கேட்ட அதே மாணவி. இவ்வாண்டும் அதிகாரிகள் வந்தார்கள். செடி பாதி மொட்டையாகத்தான் நின்றது. ஓர் அதிகாரி, "என்ன இது?" என்று கேட்டார். அவள் குறிப்பேட்டைத் திறந்து விளக்கத் தொடங்கினாள். நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன்.

செய்து பாருங்கள்

வீட்டருகே எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றில் ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் பாருங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, எறும்பு, சிலந்தி என எதைக் கண்டாலும் தேதியுடன் எழுதி, படம் வரையுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைக் கிள்ளாதீர்கள், செடியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. சினையாக இல்லாத முயலின்மேல் தெள்ளு முட்டையிட்டால் அதன் புழுக்களுக்கு என்ன நேரும்? காரணத்துடன் விளக்குக.
2. தெள்ளு 0.001 வினாடியில் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தை எட்டினால் அதன் முடுக்கம் என்ன? அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் எத்தனை மடங்கு?
3. முயல் நோய்க்கும் பெரிய நீலப் பட்டாம்பூச்சியின் அழிவுக்கும் உள்ள தொடர்பை அம்புக்குறிப் படமாக வரைக.
4. "அரிய பூச்சியைப் பிடிப்பதற்குத் தடை விதித்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும்." இக்கூற்றை ஏற்கிறீர்களா? பாடத்திலிருந்து இரண்டு சான்றுகள் தந்து எழுதுக.